பாவாத்தாள் முதுகில் படிந்த கரி

அந்தக் காலத்தில் வண்டு பேசும், மரம் பதில் சொல்லும், எறும்பு நடுவில் புகுந்து வம்பு வளர்க்கும். பேசத் தெரிந்த எல்லாவற்றுக்கும் பொய் சொல்லவும் தெரிந்திருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் காலம் என்றாலே எல்லோரும் நல்லவர்கள் என்று நினைத்துக்கொண்டு உட்காருகிறவர்களுக்கு இந்தக் கதை ஒத்துவராது.

ஓடைக்கரையில் ஒரு நாரத்தை மரம் நின்றது. அதுதான் பொறிவண்டுகளின் ஊர். அப்போது பொறிவண்டு என்றால் ஒரே வகைதான். எல்லாம் குன்றிமணி அளவு, எல்லாம் நல்ல சிவப்பு. கடுகு அளவில் கறுப்பாக ஒன்று உண்டு என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

முதுகில் இருக்கும் கறுப்புப் புள்ளி பிறக்கும்போதே வருவதில்லை. ஊருக்கு நல்லது செய்தவருக்கு நோம்பித் திருவிழா அன்று வைப்பார்கள். சொந்தக்காரர் ஒருவர் நாவல்பழச் சாற்றைக் காலில் தொட்டு, எல்லோரும் பார்க்க முதுகில் ஒரு புள்ளி வைப்பார். சொந்தக்காரர்தான் வைக்க வேண்டும். அதில் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. வண்டின் கால் அதன் முதுகுக்கு எட்டாது, அவ்வளவுதான்.

அதே காரணத்துக்காக இன்னொரு முறையும் இருந்தது. வெளி வேலையாகப் போய்த் திரும்பியவர் ஊருக்குள் நேராக நுழையக்கூடாது. இலை நுனியில் நிற்க வேண்டும். சொந்தத்தில் ஒருவர் பனிநீர் கொண்டுவந்து முதுகைக் கழுவிவிடுவார். கழுவினால், 'இவர் எங்கள் ஆள், இவர் செய்தது நாங்கள் செய்தது' என்று அர்த்தம். கழுவ ஆள் இல்லையென்றால் உள்ளே இடமும் இல்லை.

புள்ளி என்பது வெறும் அழகு என்று நினைத்துவிடக்கூடாது. புள்ளி உள்ளவர்களின் பிள்ளைகள் கொழுந்தில் மேய்வார்கள். அங்கேதான் அசுவினிப் பூச்சி மொய்த்துக் கிடக்கும், வயிறு நிறையும். புள்ளி இல்லாதவர்களின் பிள்ளைகளுக்குப் பழுத்த இலை. பழுத்த இலையில் என்ன இருக்கும்? மற்றவர்கள் தின்றுபோட்ட தோல் இருக்கும்.

பாவாத்தாள் முதுகில் புள்ளி இல்லை. அவள் புருசனைக் கரிச்சான் குருவி கொத்திக்கொண்டு போய்விட்டது. அதற்குப் பிறகு பிள்ளைகளோடு அக்கா நாச்சாத்தாளின் இலையில் ஒரு ஓரமாக ஒண்டியிருந்தாள். அக்காவுக்கு முதுகில் அழகாக ஒரு புள்ளி உண்டு. அக்காள் பிள்ளைகள் கொழுந்துக்குப் போகும்போது தங்கச்சி பிள்ளைகள் காம்பு வரைக்கும் கூடப் போய், அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருக்கும். நாச்சாத்தாள் கெட்டவள் இல்லை. மிச்சம் மீதி இருந்தால் எடுத்துவந்து கொடுப்பாள். தான் கொடுத்ததைப் பக்கத்து இலையில் சொல்லவும் செய்வாள்.

இப்படி இருக்கும்போதுதான் கட்டெறும்புகள் மரத்துக்கு வந்தன. வெறும் கையோடு வரவில்லை. மாவுப்பூச்சிகளை ஓட்டிக்கொண்டு வந்தன. நாம் ஆடு மேய்ப்பது போல எறும்பு மாவுப்பூச்சியை மேய்க்கும். வெள்ளை மாவைப் பூசிக்கொண்டது போல இருக்கும் அந்தப் பூச்சி மரத்தின் சாற்றை உறிஞ்சும். பின்பக்கமாக இனிப்பு நீரைச் சொட்டும். எறும்புகள் அதைக் குடிக்கும். கிளை கவையாகப் பிரியும் இடத்தில் பட்டி போட்டு, காவல் வைத்து, இரண்டே மழைக்குள் மந்தையைப் பெருக்கிவிட்டன.

பொறிவண்டுக்கு மாவுப்பூச்சி நல்ல தீனிதான். ஆனால் எறும்புத் தலைவன் சென்னியப்பன் விவரமானவன். பட்டி போட்ட கையோடு பொறிவண்டுகளின் பெரியதனக்காரர் குப்பண்ணனைப் போய்ப் பார்த்தான்.

"ஏனுங்க பெரியவரே, நாங்க உங்க கொழுந்துப் பக்கம் வரமாட்டோம். நீங்க எங்க பட்டிப் பக்கம் வராதீங்க. நோம்பிக்கு நோம்பி இனிப்புத் தண்ணி உங்க எலைக்கே வந்து சேர்ந்துரும். என்ன சொல்றீங்க?"

குப்பண்ணன் கொஞ்ச நேரம் யோசிப்பது போல இருந்தார். வாயில் எச்சில் ஊறிவிட்டதால் அதிக நேரம் அப்படி இருக்க முடியவில்லை.

"நல்ல மனுசங்க கேக்கறீங்க. மாட்டோம்னா சொல்றது?" என்றார்.

அந்த நோம்பியில் எல்லோரும் இனிப்புத் தண்ணீர் குடித்தார்கள். அடுத்த நோம்பியிலும் குடித்தார்கள். மரம் மட்டும் இளைத்துக்கொண்டே வந்தது. இலைகள் சுருண்டன. பிஞ்சுகள் காம்போடு உதிர்ந்தன. இனிப்புத் தண்ணீர் சொட்டிய இலைகளில் கரி போல ஒரு பூசணம் படர்ந்தது. வெயிலே உள்ளே இறங்காத அளவுக்குக் கறுப்பு. ஒரு காலையில் நாரத்தை மரம் வாய்விட்டே கேட்டுவிட்டது.

"கண்ணுகளா, என்ற உசுர உறிஞ்சிக் குடிக்கறாங்க. உங்க கண்ணு முன்னாலதான் நடக்குது. ஆராவது ஒருத்தரு வரமாட்டீங்களா?"

குப்பண்ணன் ஊரைக் கூட்டினார். முதலில் தொண்டையைச் செருமிக்கொண்டார்; இனிப்பு குடித்துக் குடித்து அவர் தொண்டை கெட்டிருந்தது.

"மரம் போச்சுன்னா நாமளும் போனோம். அது ஒரு பக்கம். எறும்புக்காரங்களோட பகைச்சுக்கிட்டா நம்ம புள்ளைகளத் தூக்கீட்டுப் போயிருவாங்க. அது ஒரு பக்கம். அதனால பட்டி அழியோணும். ஆனா ஊரு சொல்லி அழிச்சாங்கன்னு இருக்கப்படாது."

"அப்படீன்னா ஆரு போறதுங்க?" என்று யாரோ கேட்டார்கள்.

எல்லோரும் இலையைப் பார்த்தார்கள். இலையில் பார்க்க ஒன்றும் இல்லை. அப்புறம் ஒவ்வொரு கண்ணாக எழுந்து கடைசி வரிசைக்குப் போனது. அங்கே பாவாத்தாள் உட்கார்ந்திருந்தாள். போனால் யாருக்கும் நட்டமில்லாத ஆள் ஊருக்கு ஒருத்தர் இருப்பார்; அவரைக் கண்டுபிடிக்க ஊருக்கு நேரமே ஆகாது.

பாவாத்தாள் எழுந்து நின்றாள். அவளுக்கும் அது புரியாமல் இல்லை. ஆனால் காம்பில் நின்று கொழுந்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் அவள் கண்ணுக்குள்ளேயே இருந்தார்கள்.

"நான் போறனுங்க. திரும்பி வந்தா எனக்குப் புள்ளி உண்டுங்களா?"

"மொதப் புள்ளியே உனக்குத்தான் அம்மிணி."

"எம் புள்ளைகளுக்குக் கொழுந்துல எடம்?"

"நடுக் கொழுந்துலயே உண்டு. போதுமா?"

"இத்தன பேரு முன்னால சொல்றீங்கல்ல?"

"சொல்லீட்டனே அம்மிணி!"

சொன்னார். எல்லோரும் கேட்டார்கள். அன்றைக்கு எல்லோருக்கும் காது நன்றாகத்தான் கேட்டது.

பட்டிக்குள் நுழைவதுதான் பெரிய பாடு. எறும்புக்குக் கண் அவ்வளவு போதாது. மீசையால் தடவி, மோந்து பார்த்துத்தான் ஆளைத் தெரிந்துகொள்ளும். பொறிவண்டு வாடை வந்தால் வாசலிலேயே கடித்துப் போட்டுவிடும். அதனால் பாவாத்தாள் ஒரு யோசனை செய்தாள். இலையில் படர்ந்திருக்கும் கரிப்பூசணம் இனிப்புத் தண்ணீரில் முளைத்தது. அதன் வாடையும் பட்டியின் வாடையும் ஒன்று. அதைப் பூசிக்கொண்டால் எறும்புக்குச் சந்தேகம் வராது.

ஆனால் முதுகு எட்டாதே. அக்காள்தான் பூசிவிட்டாள்.

"அக்கா, அடியோட பூசு. ஒரு துளி செகப்புத் தெரிஞ்சாலும் போச்சு."

நாச்சாத்தாள் காலால் கரியை வழித்து வழித்துத் தங்கச்சி முதுகில் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க அந்தச் சிவப்பு மங்கி மறைந்தது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"என்னடி பாவா, உன்னப் பாக்க எனக்கே அடையாளம் தெரியல."

"உனக்கு மட்டும் தெரிஞ்சாப் போதும். நல்லா வெயில்ல காஞ்சு போச்சுன்னா கரி ஓட்டுக்குள்ள ஊறிப்போயிருமாமா. அப்புறம் போகவே போகாதாம். வந்தொடனே கழுவி உட்டுருவயில்ல?"

"இதென்ன கேள்வி? நீ எல நுனியில காலு வெக்கறப்பவே தண்ணியோட வந்து நிப்பேன். நான் இருக்கறப்ப எதுக்கு வெசனப்படற?"

அப்புறம் தன் கால்களைப் பார்த்துச் சிரித்தாள். ஆறு காலும் கரி. "பாரு, நானும் உன்னாட்டமே ஆயிட்டேன்" என்றாள். அக்காளும் தங்கச்சியும் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

பிள்ளைகளை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. யாரிடம் விடுவது? அதனால் அவர்களையும் கூட்டிப்போனாள். செத்துக் கிடந்த மாவுப்பூச்சிகளின் வெள்ளை மாவைச் சேர்த்து, பிள்ளைகளின் மேலெல்லாம் அப்பிவிட்டாள். நடந்தால் மாவுப்பூச்சிக் குட்டி நடப்பது போலவே இருந்தது.

வாசல் காவல் எறும்பு அவளை மீசையால் தடவியது.

"எங்கிருந்து வர்ற?"

"இந்த மரத்துக்காரிதானுங்க."

எறும்பு மோந்து பார்த்தது. பட்டி வாடைதான். போ என்று ஒதுங்கியது. வெள்ளைக் குட்டிகளைத் தடவிப் பார்த்து, வழி தவறி வந்த ஆட்டுக்குட்டியை உள்ளே விடுவது போல அதுவே முன்காலால் தள்ளி உள்ளே விட்டது.

அங்கே அவர்கள் செய்ததை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. தாய் முட்டைகளைத் தின்றாள், பிள்ளைகள் குஞ்சுகளைத் தின்றார்கள். மரத்துக்கு உயிர் திரும்பியது. பட்டி குறையக் குறைய எறும்புகளுக்கு ஒன்றும் புரியவில்லை. காவலைக் கூட்டினார்கள். ஆனால் காவல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தது. பாவாத்தாள் பகலில் நிழலை விட்டு நகரவே மாட்டாள். முதுகு காய்ந்துவிடக்கூடாது என்ற பயம். அப்படியும் ஒரு நாள் ஓடு இறுகுவது போல இருந்தது. இனி தாமதிக்கக்கூடாது என்று தோன்றியது.

"நான் போய் முதுகு கழுவீட்டு, எடத்தப் பாத்து வெச்சுட்டு வந்துர்றேன். மாவு உதுராமப் பாத்துக்கங்க" என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

பட்டியிலிருந்து வெளியே போகிற ஆடு உண்டா? காவல் எறும்புக்கு அப்போதுதான் உறைத்தது. அது போய்ச் சொல்ல, சென்னியப்பன் ஆள்களைத் திரட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தான்.

காலை வெயில் ஏறும் நேரம். பாவாத்தாள் இலை நுனியில் போய் நின்றாள். நின்று, வாய் நிறையக் கூப்பிட்டாள்.

"அக்கா! வந்துட்டேன்!"

நாச்சாத்தாள் சொன்னது போலவே வந்தாள். முன்கால்களில் ஒரு முழுப் பனித்துளியை ஏந்திக்கொண்டு, சிந்தாமல், மெல்ல நடந்து வந்தாள். பின்னால் அவள் பிள்ளைகள் வந்தார்கள். ஊரே எழுந்து வந்தது. இன்னும் சில எட்டுதான். அதற்குள் எறும்புகள் இலையைச் சுற்றி வளைத்துவிட்டன.

சென்னியப்பன் ஊரைப் பார்த்துக் கேட்டான்.

"இந்தக் கறுப்பி எங்க பட்டியவே தின்னு தீத்துருக்கறா. இவ உங்க ஆளுங்களா? உங்க ஆளுன்னா சொல்லீருங்க. போன ஆட்டுக்கு ஈடா உங்க புள்ளைகளத் தூக்கீட்டுப் போறோம். இல்லைன்னா, அது எங்களுக்கும் அவளுக்கும் உள்ள பேச்சு. உங்களுக்கு அதுல ஒன்னுமில்ல."

குப்பண்ணனுக்கு யோசிப்பது போல நடிக்கக்கூட நேரம் தேவைப்படவில்லை.

"பாத்தாலே தெரியலீங்களா? நாங்க செகப்புங்க. இவ கறுப்பு. எங்க பொறப்புல கறுப்பு ஏதுங்க?"

"பெரியவரே!" என்றாள் பாவாத்தாள். அவர் ஓடைப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் ஒவ்வொருவராகப் பார்த்தாள். கேட்டவர்கள் எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள்.

சென்னியப்பன் விடவில்லை. "அக்கான்னு ஆரையோ கூப்புட்டாளே. ஆரு அது?" என்று சொல்லிக்கொண்டே நாச்சாத்தாள் முன்னால் வந்து நின்றான். "ஏனுங்க அம்மிணி, கையில தண்ணி எதுக்கு? ஆருக்காவது முதுகு கழுவோணுமா?"

நாச்சாத்தாள் பனித்துளியைப் பார்த்தாள். தங்கச்சியைப் பார்த்தாள். தன் பின்னால் ஒண்டிக்கொண்டு நின்ற பிள்ளைகளைப் பார்த்தாள்.

"எனக்குத்தானுங்க. தாகம்" என்றாள்.

சொல்லிவிட்டு, தங்கச்சியின் கண் முன்னால், அந்தத் தண்ணீரைத் துளி மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டாள்.

"இவளத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

பாவாத்தாள் அப்போது ஒன்றுதான் கேட்டாள். "அக்கா, உன்ற காலக் காட்டு."

ஆறு காலிலும் கரி இருந்தது. பூசிய கரி. எறும்புகள் மோந்து பார்த்தால் போதும். நாச்சாத்தாள் வெடுக்கென்று ஆறு காலையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டு இலையோடு இலையாகப் படிந்துவிட்டாள்.

"என்ன சொல்றா இவ?" என்றான் சென்னியப்பன்.

இன்னொரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அக்காளும் மாட்டியிருப்பாள், குப்பண்ணனும் மாட்டியிருப்பார். பாவாத்தாள் அக்காள் பிள்ளைகளைப் பார்த்தாள். மிச்சம் மீதியைத் தன் பிள்ளைகளுக்கு வாயில் கவ்விக்கொண்டு வந்து கொடுத்த பிள்ளைகள். அவள் வாயை மூடிக்கொண்டாள். இதைப் பெருந்தன்மை என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சொல்ல வந்தது அத்தனையும் உள்ளேயே திரும்பி, உடம்பெல்லாம் ஓடி, கசந்துபோய்விட்டது.

சென்னியப்பன் அவள் முழங்காலைக் கவ்வினான். கடித்த இடத்தில் மஞ்சளாக ஒரு துளி துளிர்த்தது. அது நாக்கில் பட்டதுதான் தாமதம், காறித் துப்பிவிட்டு இலையில் வாயைத் தேய்தேய் என்று தேய்த்தான். நாரத்தைத் தோல் அதன் பக்கத்தில்கூட நிற்காது, அவ்வளவு கசப்பு. அவன் விட்ட நொடியில் பாவாத்தாள் கால்களை மடக்கிக்கொண்டு இலையிலிருந்து பொத்தென்று கீழே விழுந்தாள். அசையவில்லை.

"செத்துப்போச்சு உடுங்க" என்றார் குப்பண்ணன். அவர் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. எறும்புகள் திரும்பிப் போயின. ஊரும் கலைந்தது. இலையிலிருந்து எட்டிக்கூட யாரும் பார்க்கவில்லை.

அவள் சாகவில்லை. கீழ்க்கிளையில் ஒரு நாரத்தங்காய் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் காம்புக்கும் காய்க்கும் நடுவில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு சந்து. அதற்குள் தலையைக் குனிந்து, காலை ஒடுக்கி, மூச்சைப் பிடித்து, உடம்பைக் குறுக்கி நுழைந்தாள். எறும்புகள் அந்த வழியாகப் போய்வரும்போதெல்லாம் இன்னும் குறுகினாள். குன்றிமணி அளவில் உள்ளே போனவள் கடுகு அளவுக்கு ஆனாள். மறுபடி விரிய அவளுக்கு மனமும் வரவில்லை, இடமும் இல்லை.

பட்டியில் இருந்த பிள்ளைகளை எறும்புகள் சந்தேகப்படவே இல்லை. வெள்ளைக் குட்டிகள்தானே. அவை பட்டியின் நடுவிலேயே இருந்து மிச்ச மந்தையைத் தின்று முடித்தன. ஒரு நாள் சென்னியப்பன் வந்து வெறும் கிளையைப் பார்த்தான். பிறகு தன் ஆள்களை அழைத்துக்கொண்டு ஓடைக்கு அந்தப் பக்கம் வேறு மரம் தேடிப் போய்விட்டான்.

நாரத்தை மரம் தளிர்த்தது, பூத்தது. ஓடைக்கரையெல்லாம் பூவாசம். மரம் கேட்டது.

"கண்ணுகளா, என்னயக் காப்பாத்துனது ஆரு?"

"நாங்கதானுங்க ஆத்தா. ஊரே சேந்து பாடுபட்டோம்" என்றார் குப்பண்ணன்.

மரத்துக்கு முகம் தெரியாது. தன்மேல் நடந்த காலின் கனம்தான் தெரியும். அது இந்தக் கனம் இல்லை என்று அதற்குத் தோன்றாமலா இருந்திருக்கும்? ஆனால் பூத்துக் குலுங்குகிற நேரத்தில் யாரும் பழையதைக் கிளறுவதில்லை. மரம் பேசாமல் இருந்துவிட்டது.

பெரிய நோம்பி சாற்றினார்கள். மரத்தைக் காப்பாற்றியதற்காக ஊரில் உள்ள எல்லோருக்கும் புள்ளி என்று முடிவாயிற்று.

நோம்பிக்கு முன்னால், உச்சி வெயிலில் எல்லோரும் இலைக்கடியில் ஒதுங்கிக் கிடந்த நேரம் பார்த்து, நாச்சாத்தாள் அந்தக் காயைத் தேடி வந்தாள். எப்படிக் கண்டுபிடித்தாள் என்றால், தங்கச்சி செத்துவிட்டாள் என்று அவள் ஒரு நாளும் நம்பவில்லை. சுருட்டிய இலையில் காலையில் பிடித்து வைத்த பனிநீர் கொண்டுவந்திருந்தாள். சந்துக்கு வெளியே நின்று கூப்பிட்டாள்.

"பாவா, வெளிய வா. தண்ணி கொண்டாந்திருக்கறேன். கரி இன்னும் ஊறியிருக்காது. கழுவி உடறேன்."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "பெரியவரு கூப்புட்டாரா?"

"அவரு எப்படிக் கூப்புடுவாரு? நம்ம ஆளு இல்லைன்னு ஊரு முன்னால சொல்லீட்டாரு. சொன்னத எப்படி மாத்துவாரு? அதுக்கும் ஒரு வழி வெச்சுருக்கறேன். செகப்பா ஆயிட்டீன்னா, அசலூருச் சொந்தம்னு சொல்லிக் கூட்டீட்டுப் போறேன். வேற ஒரு பேரச் சொல்லிக்கலாம். உனக்கும் ஒரு புள்ளி கெடைக்கும். புள்ளைகளுக்கும் கொழுந்துல எடம் கெடைக்கும். வாடி."

பாவாத்தாள் சந்திலிருந்து வெளியே வந்தாள். நாச்சாத்தாள் குன்றிமணி அளவில் ஒருத்தியை எதிர்பார்த்து நின்றாள். வந்தது கடுகு. அவள் கையில் இருந்த தண்ணீர் தளும்பியது.

"என்ற பேரு என்னக்கா?"

"எதுக்குடி இப்ப அது?"

"சொல்லு. அன்னைக்குத்தான் தெரியாதுன்னுட்ட. இப்ப ஒரு எறும்புகூட இல்ல. நாளைக்கு நோம்பியில, அத்தன பேரு முன்னால, 'இவ பாவாத்தா, என்ற கோடப் பொறந்தவ'ன்னு சொல்லிக் கழுவி உடறயா?"

நாச்சாத்தாள் தலையைக் குனிந்தாள். "எம் பொண்ணுக்கு நாளைக்குத்தான் மொதப் புள்ளி வெக்கறாங்க பாவா" என்றாள்.

"அப்ப இந்தத் தண்ணிய நீயே குடிச்சுக்க. உனக்குத்தான் தாகம் அதிகம்."

"கரி ஊறிப்போயிரும்டி! அப்பறம் எத்தன தண்ணி ஊத்துனாலும் போகாது!"

"ஊறட்டும். ஆரும் பாக்காதப்பக் கழுவுன முதுகோட நான் எங்க போய் நிக்கறது?"

சொல்லிவிட்டுப் பாவாத்தாள் நிழலை விட்டு நகர்ந்து, காயின் உச்சியில், உச்சி வெயிலில் போய் உட்கார்ந்தாள். நாச்சாத்தாள் பார்த்துக்கொண்டே நின்றாள். கரி காய்ந்தது. ஓட்டில் ஊறியது. பளபளவென்று கெட்டிப்பட்டது. பாவாத்தாள் ஒரு வார்த்தைக்கு இறங்கி வந்திருந்தால் பிள்ளைகள் கொழுந்தில் மேய்ந்திருக்கும் என்று சொல்வார்கள். சொல்லட்டும். இறங்கி வரச் சொல்லி எப்போதும் கீழே இருக்கிறவர்களைத்தான் கேட்கிறார்கள்.

நோம்பி நன்றாக நடந்தது. அன்றைக்கு நாவல்பழச் சாறு போதவில்லை. ஒருவர் முதுகில் ஒருவர் புள்ளியாக வைத்துத் தள்ளினார்கள். குப்பண்ணன் முதுகில்தான் அதிகம். நாச்சாத்தாள் தன் மகளுக்கு வைத்த புள்ளி கோணிப்போயிற்று. அதற்கு முன்னால் அவள் ஓடைக்கரைக்குப் போய் ஆறு காலையும் தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருந்தாள். கரி போகவில்லை. அவளும்தான் அந்த உச்சி வெயிலில் அவ்வளவு நேரம் நின்றிருந்தாளே. புள்ளி வைத்த மகளின் காலும், அவளைத் தொட்டவர்களின் காலும், அவர்கள் பெற்ற பிள்ளைகளின் காலும் அதே கறுப்பானது. அன்று இலையில் நின்று வேடிக்கை பார்த்தவர்கள் எல்லோருக்கும் முழங்காலில் கசப்பும் சேர்ந்துகொண்டது. சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல் விழுங்கினால் அது எங்காவது ஒரு வழியில் வெளியே வரத்தானே செய்யும்.

பட்டியை முடித்துவிட்டு வந்த பிள்ளைகள் மாவை உதிர்த்துவிட்டுத் தாய் முன்னால் நின்றார்கள்.

"அம்மா, நமக்குப் புள்ளி?"

"வெச்சு உடறதுக்கு ஆள் இல்ல கண்ணு."

பிள்ளைகள் இலையில் மிச்சமிருந்த கரியை எடுத்து, ஒருவர் முதுகில் ஒருவர், அம்மா முதுகு போலவே ஒரு துளி சிவப்பு தெரியாமல் பூசிக்கொண்டார்கள்.

இப்போதும் பாருங்கள். தோட்டத்தில் சிவப்புப் பொறிவண்டைப் பார்த்தால் பிள்ளைகள் ஓடிப்போய் உள்ளங்கையில் ஏந்திக்கொள்கிறார்கள், புள்ளியை எண்ணுகிறார்கள். செடியைக் காப்பாற்றும் நல்ல பூச்சி என்று புத்தகத்தில் அதன் படம்தான் இருக்கிறது. கறுப்பு வண்டு அதே செடியில்தான் இருக்கும். அழுக்கு என்று நினைத்து ஊதிவிட்டுவிடுவோம். அதன் பிள்ளைகள் இன்றும் வெள்ளை மாவை அப்பிக்கொண்டுதான் மாவுப்பூச்சிகளுக்கு நடுவில் திரிகின்றன. எறும்பு இன்றும் ஏமாறுகிறது.

எப்போதாவது படித்தவர்கள் யாராவது வந்து அதைப் பிடித்துப் போகிறார்கள். பெரிய கண்ணாடிக்கு அடியில் வைத்துப் பார்க்கிறார்கள். முதுகைப் பார்த்தால் ஒன்றும் தெரிவதில்லை. எல்லாம் ஒரே கறுப்பு. அதனால் வயிற்றைக் கிழித்து உள்ளே இருப்பதை எடுத்துப் பார்த்து, இது பொறிவண்டுக் குடும்பம்தான் என்று கண்டுபிடிக்கிறார்கள். அக்காள் ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கக்கூடியது அது. பிறகு இதுவரை யாரும் அறியாத புது இனம் என்று எழுதி, புதிதாக ஒரு பெயரும் வைக்கிறார்கள். பாவம், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அவர்களுக்கு உண்மையாகவே தெரியாது.

அன்று முதல்தான், சிவப்புப் பொறிவண்டு யார் தொட்டாலும் தன் கரிக்காலை வெடுக்கென்று உள்ளே இழுத்துக்கொள்கிறது. கறுப்பு வண்டு, என்ன பெயர் வைத்துக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பதில்லை.